வெள்ளைக் காளையும் நீயும்

இதனால் கிருஷ்ணகிரி தாலுக்காவைச் சேர்ந்த சகல ஜனங்களுக்கும், எங்களுக்கு முன்னால் புறப்பட்டுப் போய்விட்ட உனக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று சனிக்கிழமை பிற்பகல், நம் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையின் பின்கட்டு இருட்டறையில், போட்டோ கழுவுகிற ஹைப்போத் தட்டு கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம், வேட்டி ஒன்று. சம்பவ இடத்தில் இருந்த பல்லி தலைமறைவாகிவிட்டது. அதன் வாக்குமூலம் கிடைக்கும் வரை தட்டைத் தட்டிவிட்டது யார் என்று சொல்வதற்கில்லை. அறையில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதை யாரும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

வேட்டியைச் சோப்புப் போட்டுத் துவைத்தாகிவிட்டது. நாற்றம் போகவில்லை. இருக்கிற ஒரே நல்ல வேட்டி அதுதான் என்பதால், இன்று காலை அதையே கட்டிக்கொண்டு வேப்பனப்பள்ளி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏந்தம்பி, மடியில முட்ட கிட்ட ஒடஞ்சிடுச்சா?"

"இல்லீங்க. போட்டோ கழுவுற மருந்து."

அவர் நம்பவில்லை. குந்தாரப்பள்ளி வரும் வரை என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த நாற்றத்தை வாசனை என்று சொன்ன ஒரே மனிதன் நீ. "மொத மழைக்கு முன்னாடி தகரக் கூரைகிட்ட நின்னா ஒன்னு வருமே, அதுமாதிரி இல்ல?" என்று கேட்பாய். எனக்கு எப்போதும் அழுகிய முட்டைதான். ஆனால் இன்று பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் வேட்டியிலிருந்து அது கிளம்பியது, அதோடு நீயும் கிளம்பினாய். மூக்கு வழியாக வந்தாய், கண் வழியாக வெளியேறினாய். பெரியவரிடம் தூசு என்று சொல்லிவிட்டேன்.

நான் ஏன் விடுமுறை நாளில் இருட்டறைக்குள் போனேன், ஏன் உன் ஊருக்கு பஸ் ஏறினேன் என்று நீ கேட்பாய். உன் அம்மா கேட்டார்கள். அதனால்தான்.

வெள்ளிக்கிழமை மணியடித்து எல்லோரும் வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்கள். முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று. என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்துக் கும்பலில் நழுவப் பார்த்தேன். நேராக என்னிடம் வந்தார்கள்.

"நீதான எம் புள்ளையோட கூட்டாளி? எப்பப் பார்த்தாலும் பேசிகினே இருக்கிறவன்?"

நீ வீட்டில் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறாய். நன்றி.

"ஆமாம்மா" என்றேன். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள் உன் அம்மா. உன்னைக் கடைசி வரை ஒரு போட்டோவுக்கும் நிற்கவிடாதவர்கள். அந்தத் தடையை மீறி உன்னை நிறுத்தி வைத்து எடுத்தவன் நான். எடுத்த மூன்றாவது மாதம் உனக்கு டைபாய்டு வந்தது. அவர்கள் கையில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். துணிப்பைதான் இருந்தது.

"இஸ்கூல்ல பெரிய வாத்தியார் ரூமுல எம் புள்ள படம் மாட்டியிருக்குதுன்னு எங்கூரு வண்டிக்காரரு சொன்னாரு. நெசமா?"

"நெசந்தாம்மா. வாங்க, காட்டறேன்."

"ஐயோ, அங்கெல்லாம் நான் வரல. எனக்கு ஒன்னு போட்டுக் குடு கண்ணு. மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குது. நெத்தி ஞாபகம் வருது. நடை ஞாபகம் வருது. சிரிச்சா எப்படி இருப்பான்னு நெனச்சா மட்டும், யாரோ துணியப் போட்டுத் தொடச்சிட்டாப்ல இருக்குது. அந்தப் படத்துல சிரிக்கிறானா?"

"சிரிக்கிறாம்மா."

"அது போதும். அந்தச் சிரிப்பு எனக்கு வேணும்."

நான் சொன்னது பொய் இல்லை. அந்தப் படத்தில் நீ சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய். அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அவர்கள் பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

போன ஆனியில் சயின்ஸ் சார் ஒரு கறுப்புப் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தது உனக்கு நினைவிருக்கும். மாணவர் படக் கழகம் என்று பலகைகூட எழுதினார். அவர் ஒரு சட்டம் போட்டார். எடுத்தவன் பக்கத்தில் நின்று இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தப் படமும் சுவரில் ஏறாது. ஏன் எடுத்தாய்? எப்படி எடுத்தாய்? "படத்துக்கு வாய் கெடையாதுடா. உன் வாயைக் கடன் குடு" என்பார்.

அந்தச் சட்டம் எனக்காகவே பிறந்தது. நான் எடுத்த படத்தில் எல்லாம் என் கட்டைவிரல் ஒரு மூலையில் நிற்கும். ஆனால் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கட்டைவிரலே குறிஞ்சி நிலத்து மலைச்சிகரம் ஆகிவிடும். நீ நேர்மாறு. படம் கண்ணைப் பறிக்கும். பக்கத்தில் நிற்கிற நீ, கழுவில் ஏறப்போகிறவன் மாதிரி வியர்த்துக் கொட்டுவாய். நீ எடுத்தது படம். நான் எடுத்தது பாம்பு எடுக்கிற படம், ஆடிக் காட்டுவதற்கு மட்டும்.

ஆனால் நீ ஒரு இடத்தில் பேசினாய். ஓசூரில்.

சார் நம் இருவரையும் பெங்களூருக்கு அனுப்பி, அங்கே அவருக்குத் தெரிந்தவரிடம் படம் கழுவுகிற மருந்தைக் கரைத்து வாங்கி வரச் சொன்னார். பழுப்பு நிறச் சீசாவில் கொடுத்தார்கள். மைசூர்ப் பக்கம் சாராயம் உண்டு, நம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சை உதறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், உன் பையிலிருந்த சீசாவை எடுத்து என் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தள்ளாடுகிற மாதிரி கண்ணைச் செருகி உட்கார்ந்தேன். வேறு எதற்கு, உன் முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான்.

போலீஸ்காரர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இறக்கினார். சீசாவைத் திறந்து முகர்ந்தார்.

"இது என்னடா சரக்கு?"

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க சார்" என்றேன் நான்.

"குடிச்சிடாதீங்க சார்! வெசம்!" என்று அலறிக்கொண்டு நீ பஸ்ஸிலிருந்து குதித்தாய். அப்புறம் நடந்ததுதான் அதிசயம். வேர்க்கவில்லை, திக்கவில்லை. நடு ரோட்டில் நின்று அவருக்குப் பாடம் நடத்தினாய். பிலிமில் வெள்ளி உப்பு பூசியிருக்கிறது, வெளிச்சம் பட்ட இடம் இந்த மருந்தில் நனைந்தால் கறுத்துப் போகும், படாத இடம் கறுக்காது என்று சொன்னாய். போலீஸ்காரர் சீசாவை மறந்துவிட்டு உன் வாயைப் பார்த்தார்.

"அப்ப எம் மூஞ்சி எப்படி வரும்?"

"மொதல்ல எல்லாம் தலைகீழ் சார். வெளுப்பு கறுப்பாவும், கறுப்பு வெளுப்பாவும் வரும்."

"அப்படியா? அப்ப வெள்ள வேட்டி கட்டிகினு இந்த வழியா போயிட்டு வர்றாங்களே பெரிய மனுசங்க, அவங்கள எல்லாம் ஒரு தரம் இதுல முக்கி எடுக்கணும்டா" என்று சொல்லிச் சிரித்து, சீசாவை உன் கையில் கொடுத்தார். என் காதைத் திருகிவிட்டுத்தான் விட்டார்.

கிருஷ்ணகிரி வரை நீ என்னோடு பேசவில்லை. இறங்கும்போது, "எப்பப் பார்த்தாலும் உனக்கு வெளையாட்டுதான். மருந்து கொட்டிப் போயிருந்தா?" என்றாய். மருந்துதான் உனக்குக் கவலை. நான் உள்ளே போயிருந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

நீ எடுத்ததில் எனக்குப் பிடித்தது உன் அம்மாவின் நிழல். போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று அவர்கள் சொன்னதும் நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். மண்சுவரில் ஒரு பெண்ணின் நிழல், தலையில் மாங்காய்க் கூடை, கூடையைப் பிடித்த கை விரல்கள் தனித்தனியாக. ஆண்டு விழாக் கண்காட்சியில் அதற்குப் பக்கத்தில் நின்று என்ன சொல்வது என்று என்னை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாய். மலைக்கோட்டைப் பாறை மேல், காற்றுக்கு எதிராக நின்றுகொண்டு.

"எங்கம்மா போட்டோவுக்கு நிக்க மாட்டாங்க. ஆயுசு கொறையும்னு சொல்வாங்க. நெழலுக்கு ஏது ஆயுசு? அது தெனமும் சாயங்காலம் செத்துப்போயி காலையில பொறக்குது. அதனால நெழல எடுத்தேன். வெயில் சாஞ்சிருக்கிறப்ப எடுத்தா நெழல் நீளமா வரும். கை ஆடக்கூடாதுன்னு பெட்டிய ஆட்டுக்கல் மேல வெச்சிட்டேன். அம்மா கூடைய எறக்கற வரைக்கும் மூச்சு விடல."

"கடைசி வரி நல்லாருக்குடா. மூச்சு விடலன்னு சொல்லும்போது நெஞ்சப் புடிச்சுக்கோ" என்றேன்.

"அதெல்லாம் உன் வேல" என்றாய்.

இனி குந்தாரப்பள்ளி. மார்கழியில் ஒரு சந்தை நாளில் பள்ளிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் போனோம். கேமரா என் முறை. மாடுகள், தரகர்கள், துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள். ஆளுக்கு ஒரு மொழி. தமிழில் திட்டி, தெலுங்கில் சமாதானமாகி, கன்னடத்தில் மாட்டைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்து நிழலுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காளை நின்றது. திமில் ஒரு சின்ன மலை. அதை எடுத்தேன்.

அப்புறம் உன் பக்கம் திரும்பினேன்.

"டேய், வேணாம். அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

"எப்படித் தெரியும்? போட்டோ போயி சொல்லுமா? அதுக்குத்தான் வாய் இல்லன்னு சாரே சொல்லிட்டாரே."

"ஆயுசுடா."

"உன் ஆயுசுல ஒரு நாள் கொறஞ்சா என் கணக்குல இருந்து எடுத்துக்கோ. நில்லுடா."

அந்தக் கணக்கு அப்படியே கிடக்கிறது. நீ எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

நீ நின்றாய், விறைப்பாக, வாயை இறுக்கிக்கொண்டு. நான் என்னவோ சொன்னேன். நீ வெடித்துச் சிரித்தாய். அந்த நொடியில் விசையை அழுத்தினேன். என் வாழ்நாளில் சரியான சமயத்தில் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இருட்டறையில் நீதான் கழுவினாய். சிவப்புத் துணி சுற்றிய விளக்கடியில் படம் மேலே எழுந்து வந்தபோது, உன் முகமும் காளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. உன் நெற்றி இருக்கிறது, கண் இருக்கிறது. வாயும் மோவாயும் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திமில்.

"ஏன்டா, வேணும்னே ரெண்டு தரம் எடுத்தியா?" என்று கேட்டாய்.

"பின்னே? இதுக்குப் பேருதான் இரட்டைப் பதிவு. பெரிய பெரிய ஸ்டுடியோவுல செய்யறது."

நீ அதை நம்பினாய். நம்பியதோடு விடவில்லை. படத்தை நகலெடுத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். மறுநாள் வகுப்பில் என் விலாவில் இடித்து, "கண்டுபுடிச்சிட்டேன்டா. வெளிச்சம் பட்ட எடம் இன்னொன்ன உள்ள விடாது. இருட்டா இருந்த எடம்தான் எடம் குடுக்கும். பாரு, புளியமரத்து நெழல் இருந்த எடத்துலதான் என் கண்ணு வந்திருக்குது. அதத் தெரிஞ்சுதான எடுத்த?" என்றாய்.

"தெரியாமலா?" என்றேன்.

எனக்கு அது அந்த நிமிடம் வரை தெரியாது. உன்னிடமிருந்து தெரிந்துகொண்டு, உனக்கே தலையாட்டினேன்.

கண்காட்சி அன்று சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். சுவரில் என் படம், அதற்கு அடுத்தது உன் அம்மாவின் நிழல். அதிகாரி என் முன்னால் நின்றதும் நான் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஐயா, உழுகிறவன் வேறு, உழும் மாடு வேறு என்று உலகம் நினைக்கிறது. இந்த இரட்டைப் பதிவில் இருவரும் ஓருடல். அவன் உண்ணும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு உணவு தரும் திமில்…"

அப்புறம் வெளிச்சம், நிழல், எடம் கொடுப்பது, எல்லாம் நீ சொன்னது, என் குரலில். அதிகாரி சொக்கிப் போனார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். சார் பின்னாலிருந்து போதும் போதும் என்று கண்ணைக் காட்டினார். மேடையேறியவன் லேசில் இறங்குவானா?

"படத்தில் இருக்கிற பையன் யார்?" என்றார் அதிகாரி.

"இதோ சார், பக்கத்திலேயே கட்டிப் போட்டிருக்கிறேன். என் காளை" என்று உன் தோளைத் தட்டினேன். கூடம் அதிரச் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "பல்லப் புடிச்சுப் பாருங்கப்பா" என்று கத்தினான். நீயும் சிரித்தாய். உன் கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

அப்போது டவாலிச் சேவகன் வந்து ஜீப் தயார் என்றான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நீ ஒரு எட்டு முன்னால் வந்து, "எங்கம்மா…" என்று தொடங்கினாய். "நன்று, நன்று" என்று சொல்லி உன் படத்தைத் தாண்டிப் போய்விட்டார். வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாய். அப்புறம் மூடிக்கொண்டாய்.

கோப்பை எனக்கு வந்தது. படம் தலைமையாசிரியர் அறைக்குப் போனது.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "நல்லாப் பேசினடா. எனக்கென்ன, அடுத்த வருசம் சொல்லிக்கிறேன்."

இன்று உன் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நிழல் விழுந்த அந்தச் சுவரை எனக்குத் தெரியும். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துத் தெலுங்கில் யாரிடமோ சொம்பு கொண்டுவரச் சொன்னார்கள். கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டுதான் படத்தை வாங்கினார்கள்.

முதலில் கையை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் கிட்டத்தில். அப்புறம் கட்டைவிரலால் திமிலை மறைத்து, எடுத்து, மறுபடி மறைத்து.

"மாடு எதுக்கு கண்ணு நடுவுல?"

உன்மேல் ஆணை, நான் வேறு எதையோதான் சொல்ல நினைத்தேன். வாய் பழக்க தோஷம். "உழுகிறவன் வேறு, உழும் மாடு வேறு என்று உலகம்…" என்று அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மாவின் முற்றத்தில், கையைக் கட்டிக்கொண்டு, முழுப் பிரசங்கமும். நடுவில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

"இவன் எங்க உழுதான்? ஏரைப் புடிடான்னா கொல்லைய தாண்டி ஓடிடுவான்" என்றார்கள். அப்புறம், "மாடு இல்லாம இன்னொன்னு இருக்குதா?"

"இல்லம்மா. இது ஒன்னுதான்."

"ஒன்னே ஒன்னா? அத்தன பேரை அத்தன படம் புடிச்சீங்களே." முந்தானையால் படத்தின் ஓரத்தைத் துடைத்தார்கள். "நீ என்ன பண்ணுவ. நாந்தான வேணாம் வேணாம்னு சொல்லி வெச்சேன். நான் தடுக்காம இருந்திருந்தா நாலு இருந்திருக்கும். என் வாய்தான்."

அவர்கள் வாய் என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சிரிக்கிறான்னு சொன்னியே. எங்க?"

"அந்த வெள்ளைக்குப் பின்னாடி இருக்குதும்மா. கண்ணப் பாருங்க, சுருங்கியிருக்குது பாருங்க. சிரிச்சான். நெசமா சிரிச்சான்."

"எதுக்குச் சிரிச்சான்?"

எனக்கு நினைவில்லை. அன்று உன்னிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ் கண்டக்டரிடம் அடித்த ஜோக், ஹெட்மாஸ்டருக்கு வைத்த பட்டப்பெயர் எல்லாம் நினைவிருக்கிறது. அதை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், வரவில்லை. "சும்மா ஏதோ சொன்னேம்மா" என்றேன்.

"அவனுக்கு இந்தப் படம் புடிச்சிருந்துதா நாயனா?"

உன்னைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார்கள்.

"ரொம்பப் புடிச்சிருந்துதும்மா. பையிலயே வெச்சிருந்தான்."

"அப்ப சரி" என்று சொல்லி, படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்கள். களி தின்னாமல் போகக்கூடாது என்றார்கள். தின்றேன். இரண்டாவது உருண்டையும் வைத்தார்கள். அதையும் தின்றேன். வெட்கம் கெட்டவனுக்குப் பசி மட்டும் கெடவில்லை.

இப்போது மேலே எழுதியதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். இருட்டறையில் நாம் பேசியதை எழுதினேன் அல்லவா? அதில் நீ முதலில் சொன்னதை விழுங்கிவிட்டேன். படம் எழுந்து வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, வேண்டுமென்றே எடுத்தாயா என்பதில்லை. "டேய், பிலிம சுத்த மறந்துட்டியா? மறந்திருந்தா சொல்லுடா, பரவால்ல. புது ரோல் வந்திருக்குது. மொதப் படத்துக்கு நானே நிக்கறேன்." இதுதான் நீ சொன்னது. ஆயுசு, அம்மா, எதையும் பார்க்காமல், நீயாகச் சொன்னது.

மறந்துதான் போயிருந்தேன். காளையை எடுத்துவிட்டு, அடுத்த படத்துக்குச் சாவியைத் திருப்பி பிலிமை நகர்த்த வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன்னைச் சிரிக்க வைக்கிற மும்முரத்தில் நான் அதைச் செய்யவில்லை. இரட்டைப் பதிவும் இல்லை, ஓருடலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மறந்துட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், மறுவாரம் நீ மறுபடியும் நின்றிருப்பாய், உன் அம்மாவுக்கு முழு முகமும் கிடைத்திருக்கும். எனக்கு மானம் போய்விடும் என்று தோன்றியது. "வேணும்னுதான் எடுத்தேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் நீ, "வேணும்னே ரெண்டு தரம் எடுத்தியா?" என்று வியந்து கேட்டாய்.

இதை உன் அம்மாவிடம் இன்று சொல்லவில்லை. தன் வாய்தான் காரணம் என்று அவர்கள் சொன்னபோதும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வதற்கே இத்தனை பக்கம் சுற்றி வளைத்து, முறை, கலை, சரியான சமயம் என்றெல்லாம் அளந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிடுவேன் என்று எழுத வந்தேன். அதையும் பீற்றல் என்று நினைப்பாய். வேண்டாம், போனபிறகு எழுதுகிறேன்.

நீ நிற்கிறேன் என்று சொன்ன அந்தப் புது ரோலின் முதல் படத்தை நான்தான் எடுத்தேன். தலைமையாசிரியரின் குடைக்குக் கீழே ஒரு கழுதை. நேற்று உன் படத்தைத் தேடும்போது அதுவும் கையில் அகப்பட்டது. ரொம்பத் தெளிவாக வந்திருக்கிறதடா. பல்கூடத் தெரிகிறது.